கார்டைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்?

3 மார்ச், செவ்வாய்

கட்டிடத்தில் மின்கம்பி மாற்றுகிறார்கள். மாதம் முழுக்க, மாலையில் சர்வரை அணைத்துவிட்டுக் காலையில் எழுப்ப வேண்டும். இதுவரை மாதக்கணக்கில் அணையாமல் ஓடிய மகராசி. இந்த லினக்ஸ் சர்வர் ஒன்றுதான், ஆனால் உள்ளே ஆறு கணினிகள் இருப்பதுபோல் பிரித்து வைத்திருக்கிறேன். ஒரே வீட்டில் ஆறு குடித்தனம். அதில் ஒன்றுக்கு மட்டும் கிராபிக்ஸ் கார்டை முழுசாக எழுதிக் கொடுத்தாயிற்று. வெள்ளம் வந்தால் எந்தத் தெருவரை ஏறும் என்று வரைபடக்காரர்கள் அதில்தான் கணக்குப் போடுகிறார்கள்.

இன்று காலை அந்தக் குடித்தனத்துக்கு மட்டும் கார்டு கிடைக்கவில்லை. மற்ற ஐந்தும் சௌக்கியம். என்ன கோபம் உனக்கு?

5 மார்ச், வியாழன்

நேற்று மகளுக்குக் காய்ச்சல், விடுப்பு எடுத்தேன். கேபிள் வேலை பார்க்கும் முடிச்சிடம் (கம்பிகளை அவ்வளவு அழகாகக் கட்டுவார், அதனால் அந்தப் பெயர்) சர்வரை எழுப்பச் சொல்லிப் போன் செய்தேன். கார்டு சமர்த்தாக ஓடியதாம்.

இன்று நான் போனேன். மறுபடியும் முரண்டு.

10 மார்ச், செவ்வாய்

சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவை, அதாவது லாகை, வரி வரியாகப் படித்தேன். கார்டின் நினைவகத்தை ஏற்கெனவே வேறு யாரோ பிடித்துக்கொண்டிருப்பதாக ஒரு வரி. யார்? டிரைவரை மாற்றினேன். லினக்ஸின் உயிர்நாடியான கர்னலைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோனேன். ம்ஹூம். எரிச்சலைவிட எனக்கு ஆர்வம்தான் அதிகம். இதை வெளியே சொன்னால் வரைபடக்காரர்கள் அடிக்க வருவார்கள்.

12 மார்ச், வியாழன்

நேற்று எனக்குத் தலைமை அலுவலகத்தில் கூட்டம். முடிச்சு எழுப்பினார், ஓடியது. இன்று நான், ஓடவில்லை.

ஏதோ மாற்றிவைத்துவிட்டு மறைக்கிறாரா? கேட்டேவிட்டேன்.

“பட்டனை அமுக்கினேன் மேடம். வேற என்ன பண்ணப்போறேன்?”

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

13 மார்ச், வெள்ளி

அலுவலகம் முழுவதற்கும் மெயில் அனுப்பினேன். ‘அனுமதியில்லாமல் யாரோ சர்வரின் அமைப்புகளை மாற்றுகிறார்கள்.’ பெயர் எழுதவில்லை. சர்வர் அறைச் சாவி இருப்பது எங்கள் இரண்டு பேரிடம்தான், எழுதித்தான் தெரிய வேண்டுமா?

16 மார்ச், திங்கள்

மேலாளர் முடிச்சிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார். அடுத்த திங்கள் முதல் அவருக்கு ஊருக்கு வெளியே கிடங்கில் வேலை. பெட்டிகளை எண்ண வேண்டுமாம். நான் இதைக் கேட்கவில்லையே.

18 மார்ச், புதன்

இப்போது நான் மட்டும்தான் உள்ளே போகிறேன். மூன்று நாளில் கார்டு ஒருமுறைகூட ஓடவில்லை. அவர்தான் கெடுத்தார் என்றால் இந்நேரம் சரியாகியிருக்க வேண்டாமா?

19 மார்ச், வியாழன்

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது என் புலம்பலைக் கேட்டு வீட்டுக்காரருக்கே சலித்துவிட்டது. “அவர் என்ன பண்ணாருன்னே தேடுறியே. நீ என்ன பண்றேன்னு பாத்தியா?”

பார்த்தேன். காலையில் ஒவ்வொரு அடியாக, திருடனைக் கவனிப்பதுபோல் என்னையே கவனித்தேன்.

அவர் பட்டனை மட்டும் அழுத்துவார். எனக்கு அது போதாது, சர்வர் எழும்போது எழுத்துகள் ஓடுவதைப் பார்த்தால்தான் நிம்மதி. அதனால் முதலில் மானிட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து, கைக்கு வாகாக இருக்கிறதென்று அந்தக் கார்டின் பின்னாலேயே சொருகுவேன். திரை இருப்பதைக் கண்டதும் எழுத்துக் காட்டுவதற்காகச் சர்வர் கார்டைத் தானே பிடித்துக்கொள்கிறது. பிறகு குடித்தனக்காரருக்கு விடுவதில்லை. மானிட்டருக்கென்று மதர்போர்டிலேயே வேறு துளை இருக்கிறது. தூசி படிந்து.

மாற்றிச் சொருகினேன். ஓடியது! அணைத்து எழுப்பினேன், மறுபடி ஓடியது. தனியாக நின்று கைதட்டினேன்.

அப்புறம்தான் உறைத்தது. ஐயோ — அந்த மனுஷன் என்னடி பாவம் பண்ணாரு?

20 மார்ச், வெள்ளி

மேலாளரிடம் சொன்னேன். “கார்டு ஓடுதுல்ல? விடுங்க” என்றார். கிடங்கு உத்தரவைப் பற்றிக் கேட்டேன். “பாப்போம்.”

படிக்கட்டில் முடிச்சைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். மேலாளரிடம் சொல்லிவிட்டதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“சந்தேகம் வந்தப்ப ஆபீஸ் பூரா மெயில் போட்டீங்க. தப்பு உங்களதுன்னா மேனேஜர் காதுல மட்டும் சொல்வீங்களா மேடம்?”

நேராக என் மேசைக்குப் போனேன்.

மாலை நான்கு மணி. ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று மூன்று முறை தொடங்கி மூன்று முறை அழித்தேன். கடைசியில்: ‘யாரும் எதையும் மாற்றவில்லை. கார்டை முடக்கியது நான்தான். கேபிள் வேலை பார்ப்பவர்மேல் பழி விழ விட்டதும் நான்தான். அவருக்குச் சாவியைத் திருப்பித் தர வேண்டும்.’ எல்லாருக்கும் அனுப்பினேன். காது சுடுகிறது.

23 மார்ச், திங்கள்

எட்டு மணிக்குப் போனபோது சர்வர் அறைக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே கார்டின் விசிறிச் சத்தம்.

“வந்துட்டீங்களா?” என்றேன்.

“ம்.”

இடுப்பில் அந்தச் சாவி தொங்க, கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.