எந்த ஓம்?

பெரியகல்லாறு,
மட்டக்களப்பு.
1940 கார்த்திகை 9, சனிக்கிழமை

எங்கள் அருமை மகள் புஸ்பத்துக்கு,

கர்த்தர் உன்னையும் மருமகனையும் சின்னவள் எஸ்தரையும் ஒரு குறையுமில்லாமல் காக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டு அப்பா எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மா சுகமாக இருக்கிறாள். நேற்று நான் அடித்த தந்தியைக் கண்டு நீ என்ன நினைத்திருப்பாய் என்பது, அதை அடித்துவிட்டுக் கல்முனையிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்குப் புத்தியில் பட்டது. நம்முடைய வீட்டில் தந்தி என்றாலே சாவுச் செய்தி. குழந்தை யோவானைப் பற்றி நீங்கள் எங்களுக்கு அறிவித்ததும் தந்தியில்தான். அப்படியிருக்க, "பிள்ளையுடன் வா, அப்பா" என்று மொட்டையாக ஒரு தந்தி கிடைத்தால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது? பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போய் இன்னொன்று அடிப்போமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் தபாற்கந்தோர் பூட்டும் நேரமாகிவிட்டது.

சங்கதி இதுதான். புரட்டாதி முதற் கிழமையில் நான் உனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் அந்தத் தந்தி. இந்தக் கடிதமும் அதற்குத்தான்.

நீ ஆடி மாதம் எழுதியிருந்தாய். ஜப்பானில் நிலைமை மாறிக்கொண்டு வருகிறது, பொலிஸ்காரர் ஒருவர் ஞாயிறுதோறும் கோயிலில் கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்து மருமகனின் பிரசங்கத்தை எழுதிக்கொண்டு போகிறார், சபையில் உள்ள சிலர் வீட்டுக்கு வரவேண்டாம் என்று தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறார்கள் என்றெல்லாம் எழுதிவிட்டு, மருமகன் தம் மந்தையை விட்டு வரமாட்டார், நானும் பிள்ளையும் மட்டும் திரும்புவதா அவருடன் நிற்பதா, அப்பாவும் அம்மாவும் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். அதை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் குசினி வாசலில் இருந்து இறால் கோது கழற்றிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வசனத்துக்கும் "ஓம்" என்றாள். கடைசியில் நான், புருசன் இருக்கும் இடத்தில் பெண்சாதி இருப்பதுதானே முறை, அப்படியே எழுதுகிறேன் என்று சொன்னேன். அதற்கும் "ஓம்" என்றாள். உடனே எழுதிவிட்டேன்: "நீ அங்கேயே இரு. அம்மாவுக்கும் அதுதான் சம்மதம்."

அந்தக் கடைசி வசனம்தான் பிழை.

நேற்று முன்தினம், வியாழக்கிழமை, உன் ஐப்பசிக் கடிதம் வந்தது. ஒரு பக்கம் வெட்டித் திறந்து, பசைக் கடதாசி ஒட்டி வந்திருந்தது. நமக்கு முன்னே யாரோ பார்த்திருக்கிறார்கள். தமிழ் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்தார்களோ, சும்மா புரட்டிவிட்டு ஒட்டினார்களோ தெரியாது. அதில் நீ அந்தக் கூடாரக் கூட்டத்தின் உண்மையை எழுதியிருந்தாய்.

சித்திரையில் நடந்த அந்தக் கூட்டத்தைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு வாவிக்கரையில் மீன்பிடிகாரர் ஊரில் கூடாரம் போட்டு, வேதவசனம் எழுதிய கடதாசி விளக்குகளைத் தூக்கிக்கொண்டு மருமகன் ஒழுங்கை ஒழுங்கையாக மேளமடித்துப் போனதும், நீ மடக்கு ஆர்மோனியம் வாசித்ததும், பெண்கள் கிட்ட வந்து உன் சேலைக் கரையைத் தொட்டுப் பார்த்ததும், விசுவாசிக்கிறீர்களா என்று மருமகன் கேட்க வந்திருந்த நாற்பது பேரும் ஒரே குரலில் "ஹை" என்றதும் மிஷன் பத்திரிகையில் வந்தது. நம்முடைய போதகர் அதைக் கோயிலில் வாசித்தார். நாற்பது ஆத்துமாக்கள் என்று நாங்கள் எழுந்து நின்று பாடினோம். நான் கொஞ்சம் பெருமையாகத்தான் நின்றேன்.

இப்போது எழுதுகிறாய், அடுத்த ஞாயிறு வந்தவர்கள் நான்கு பேர், இப்போது இரண்டு பேர் என்று. உங்களுக்கு உதவியாக இருக்கும் ஹரு என்ற அந்த அம்மாள், இத்தனை நாள் மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்துவிட்டு, ஒருநாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துச் சொன்னாளாமே: "ஹை என்றால் ஓம், சம்மதம் என்று அர்த்தமில்லை, உங்கள் பேச்சு காதில் விழுகிறது என்று அர்த்தம்." மருமகன் அன்று சாப்பிடவில்லை என்றும் எழுதியிருந்தாய். பாவம்.

நான் அதை அம்மாவுக்கு வாசித்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"இதென்ன புதினம்?" என்றாள். "நான் சொல்ற ஓமும் அதுதானே."

எனக்கு விளங்கவில்லை. என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க கதைக்கிறீங்க, நான் கேக்கிறன் எண்டு ஓம் எண்டன். அவள் அங்க இரிக்கட்டும் எண்டு நான் எப்ப சொன்னன்? என்னட்டச் சொன்னீங்க. கேக்கல்ல."

மகள், நான் முப்பத்தாறு வருடம் படிப்பித்தவன். வகுப்பில் கணக்கு ஒன்றைச் செய்து காட்டிவிட்டு விளங்கிற்றா என்று கேட்டால், முன்வாங்கிலிருந்து பின்வாங்கு வரைக்கும் "ஓம் சேர்" என்று ஒரே சத்தம் வரும். மறுநாள் அதே கணக்கைக் கொடுத்தால் மூன்று பேர் செய்திருப்பார்கள். அதனால் நான் விளங்கிற்றா என்று கேட்பதையே நிறுத்தி, "நீ எழும்பிச் செய்து காட்டு" என்று சொல்லப் பழகினேன். புதிதாக வரும் ஆசிரியர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். வீட்டுக்குள் மட்டும் அந்தப் பாடத்தை நான் படிக்கவில்லை.

அத்தோடு அவள் நிறுத்தவில்லை. ஆறு வருடத்துக்கு முன் போதகரும் மிஷன் ஐயாவும் வந்திருந்து, கனகசிங்கம் ஜப்பானுக்குப் போகிறார், புஸ்பத்தைக் கட்டிக்கொடுத்தால் இருவருமாகப் போகலாம் என்று பேசிய நாளையும் சொன்னாள். அன்றும் கதவடியில் நின்று "ஓம், ஓம்" என்றுகொண்டிருந்தாள். நானும் போதகரும் அதைக் கேட்டுவிட்டு ஜெபம் பண்ணி எழும்பினோம். படுவான்கரையில் அவளுடைய ஊரில் பெரியவர்கள் பேசும்போது யாராவது ஒருவர் ஓம் போடாவிட்டால் அது மரியாதையில்லையாம். பேசுகிறவர் நடுவில் நிறுத்திவிடுவாராம். இத்தனை காலம் அவளுடன் வாழ்ந்தும் இது எனக்குத் தெரியாது.

மருமகன் மேல் அவளுக்கு ஒரு குறையுமில்லை. அதை நீ தப்பாக எடுக்காதே. உன்னைக் கொடுத்ததற்கும் அவள் வருந்தவில்லை. கடலுக்கு அப்பால் கொடுத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதை ஆறு வருடம் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இங்கே மழை தொடங்கிவிட்டது. வாவி நிறைந்து ஒழுங்கை வரைக்கும் தண்ணீர் நிற்கிறது, அது கடலுக்கு ஓட முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை. ஏறாவூரிலிருந்து சீத்தைத் துணி கொண்டுவந்து விற்கும் சாலிஹ் காக்காவை உனக்கு நினைவிருக்கும். உன் கலியாணத்துக்கு அந்தப் பூப்போட்ட ஜப்பான் கோப்பைகளைக் கொண்டுவந்து தந்தவர். போன மாதம் வந்திருந்தார். மூட்டையில் பாதிதான் சாமான். "வாத்தியார், ஜப்பான் சீத்தை இனி வராதாம், கொழும்புக் கடைக்காரங்களே கைய விரிச்சிட்டாங்க" என்றார். "உங்கட மருமகன் அங்கால ஆக்களத் திருப்பப் போனாரு, கப்பலெல்லாம் திரும்பிட்டுது" என்று தன் வழக்கப்படி ஒரு பகிடியும் விட்டார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்து, "புள்ளயக் கூப்பிடுங்க வாத்தியார்" என்றார். அன்று அவர் தேநீர் குடிக்கவில்லை.

உன் கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தாய்: பிரித்தானியக் கொன்சல் பெண்களையும் பிள்ளைகளையும் நாட்டை விட்டுப் போகச் சொல்கிறார், மார்கழி இருபதாந் திகதி கோபேயிலிருந்து கப்பல் ஒன்று போகிறது, அதற்குப் பிறகு எதுவும் நிச்சயமில்லை, நான் கேட்டதற்கு அப்பாவின் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. நீ அதை எழுதும்போது என் பதில் கடலில் இருந்தது. இப்போது அது உன் கையில் இருக்கும். அதை எடுத்து, கடைசி வசனத்தைச் சிவப்பு மையால் வெட்டிவிடு.

கிறிஸ்மஸ் நாடகத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகளைப் பழக்குகிறேன், நடுவில் விட்டுவிட்டு எப்படி வருவது என்றும் எழுதியிருக்கிறாய். பன்னிரண்டில் ஐந்து பேரைத் தாய்மார் நிறுத்திவிட்டார்கள் என்று அதற்கு மேல் வரியில் நீயே எழுதியிருப்பதை ஒருமுறை வாசித்துப் பார். மருமகனுக்கு நான் எதுவும் சொல்லமாட்டேன். அவர் கர்த்தருக்குக் கொடுத்த வாக்கு அவருடையது. அவரை விட்டு வா என்று ஒரு தகப்பன் மகளுக்கு எழுதுவது எவ்வளவு கொடுமை என்பது எனக்குத் தெரியும். மீண்டும் எப்போது காண்பீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. இருந்தும் எழுதுகிறேன்.

இன்னொன்றையும் அம்மாதான் சொன்னாள். நாடகமும் சபையும் ஒருபுறம் இருக்க, "அவள் குன்றில கிடக்கிற பிள்ளைய விட்டுட்டு வர மனமில்லாம இரிக்கிறாள்" என்றாள். நீ யோவானின் பெயரை இரண்டு வருடமாக எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. ஆனாலும் ஞாயிறு பின்னேரங்களில் குன்றுப் பக்கம் நடந்து வந்தேன் என்று எல்லாக் கடிதத்திலும் எழுதுகிறாய். அந்தக் கல்லறையைக் கூட்டித் துடைக்க ஹரு அம்மாளிடம் கேட்டுக்கொள். அவள் "ஹை" என்றால் அதோடு விட்டுவிடாதே. எந்த நாள் போவாள், என்ன செய்வாள் என்று அவள் வாயாலேயே சொல்ல வை. அவள் நல்லவள் என்று தெரிகிறது, சொன்னால் செய்வாள்.

இப்போது அந்த மண்ணில் இருக்கிற பிள்ளைக்கு இனி ஒரு ஆபத்தும் வராது. மற்றவள் எஸ்தர் உன் கையில் இருக்கிறாள்.

உங்கள் மூவருக்காகவும் ஜெபிக்கும்
உன் அப்பா,
அழகரத்தினம்


கார்த்திகை 13, புதன்கிழமை

மகள், மேலே உள்ளதை எழுதி முடித்து, கப்பல் தபால் நாளைக்குத்தான் என்பதால் வைத்திருந்தேன். இன்று காலை உன் பதில் தந்தி வந்தது. தபாற்காரர் கொண்டுவந்த உறையைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அம்மாதான் பிரித்துத் தந்தாள்.

இங்கிலீஷ் எழுத்தில் இரண்டே சொல் இருந்தது: "ஓம் அப்பா."

போதகருக்குச் செய்தி எட்டி அவர் வந்தார். புஸ்பம் வருகிறாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நானும் சந்தோசப்பட்டேன். அவர் போன பிறகு அம்மா அந்தக் கடதாசியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "இது எந்த ஓம்?"

நீ அவளுடைய மகள். அவளைப் போலவே கதவடியில் நின்று கேட்டு வளர்ந்தவள். இன்னொரு தந்தி அடித்துக் கேட்கலாம்தான். அதற்கும் ஓம் என்றுதான் வரும்.

உன் கடிதங்கள் எனக்கு வந்து சேர ஐந்து கிழமை எடுக்கிறது. இதுவும் ஐந்து கிழமையில் வந்தால் கப்பலுக்கு முதல்நாள் உன் கையில் இருக்கும். ஒரு நாள் பிந்தினாலும் என்ன ஆகும் என்று நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன். ஆகவே கேட்கிறேன், நீ தப்பாமல் செய்யவேண்டும்: இதற்கு ஓம் என்று பதில் எழுதாதே. கப்பலின் பெயரை எழுது. எஸ்தருக்கு என்ன உடுப்புப் போட்டுக் கூட்டி வருகிறாய் என்று எழுது. வர முடியாவிட்டால் முடியாது என்று எழுது. அதையும் அம்மாவுக்கு நான் உள்ளபடியே வாசித்துக் காட்டுவேன். பிறகு அவளிடம் கேட்பேன்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தேன், அவளுக்குச் சொல்லிக் கொடுக்க ஒருநாளும் தோன்றவில்லை. இன்று தானாகவே வந்து, இந்தக் கடிதத்தில் தானும் ஒரு எழுத்து எழுதவேண்டும் என்றாள். சிலேற்றில் எழுதிக் காட்டினேன். கையைப் பிடித்து எழுத வைக்கப் போனேன். "பிடிக்க வேணாம், நான் எழுதுறன்" என்று சொல்லிவிட்டாள். மத்தியானம் முழுக்கச் சிலேற்றில் எழுதி எழுதி அழித்தாள். கீழே இருப்பது அவளுடைய எழுத்து. கோணலாகத்தான் இருக்கிறது. நான் திருத்தவில்லை.

வா