மனைவிக்குச் சொல்ல வேண்டாம்

நான் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன் என்று இந்தத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. நான் மறுக்கவில்லை, கேள்வி கேட்டேன். இரண்டும் வேறு வேறு என்பது உங்களுக்குக் கடைசிவரை புரியவில்லை, இவர்களுக்கும் புரியவில்லை. "கான்வென்ட்ல படிச்ச அம்மா, ஒரு கையெழுத்துக்குப் போயி இப்புடி பயந்துகினு கெடக்குறாங்களே" என்று எதிர் குவார்ட்டர்ஸ் பெண் நம் மகளிடம் சொன்னாளாம். பயமாம், எனக்கு!

அந்தப் படிவம் நான்கு நாட்களாக மேசைமேல் கிடக்கிறது. அதனுடன் நீங்கள் எழுதிக்கொடுத்த பழைய படிவத்தின் நகலும் இருக்கிறது. இந்த மடலை எழுதவைத்தது அந்த நகல்தான். அன்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். குறிஞ்சிப்பாடிப் பெண். உங்கள் புராஸ்டேட் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கு இன்னமும் அவர்களிடம் உறைய வைக்கப்பட்டிருக்கிறதாம். புதிய ஆய்வொன்றுக்கு அது வேண்டும். நீங்கள் இல்லாததால் என் சம்மதம் தேவை.

"எதைத் தேடப்போறே?" என்று கேட்டேன்.

"ஆர்.என்.ஏ.-ங்கம்மா. அதுல நீளமா ஒரு வகை இருக்குதுங்க. வழக்கமா ஜீன்லேர்ந்து ஆர்.என்.ஏ. நகல் எடுத்து, அதைப் பாத்துத்தான் செல்லு புரதம் செய்யும். இந்த வகையிலேர்ந்து புரதம் வராது. அதனால குப்பைன்னே ரொம்ப நாளு நெனச்சிகினு இருந்தாங்க."

குப்பை என்றதும் உங்கள் குரல்தான் காதில் விழுந்தது. நிலக்கரி மைன்ஸில் உங்களோடு வேலை பார்த்த நண்பர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு சொல்வீர்களே, "இன்னாங்க கான்வென்ட்டு அம்மா, நீங்க பேசறதுல நூறு அடி மேல்மண்ணு வாரிக் கொட்டுனாத்தான் ஒரு துண்டு கரி கெடைக்குது." அவர்கள் சிரிப்பார்கள். நான் காபி எடுத்துவர உள்ளே போவேன்.

அந்தப் பெண் சிரிக்காமல் தொடர்ந்தாள். "குப்பை இல்லீங்கம்மா. எந்த ஜீன் வேலை செய்யணும், எது அடங்கிக் கெடக்கணும்கிறதுல இதுக்கும் பங்கு இருக்குது. புத்துநோய்க் கட்டிங்கள்ல சிலது அளவுக்கு மீறி இருக்குங்க. புராஸ்டேட்ல ஒண்ணை யூரின்லயே பாக்கலாம்."

"அது கூடினதால கட்டி வந்ததா? கட்டி வந்ததால அது கூடினதா?"

"எங்க கைடும் இதையேதாங்க கேக்குறாரு!"

"அது பதில் இல்லையே."

"சிலதுல, நோய் வளர்றதுக்கு அதுவே கை கொடுக்குதுன்னு தெரியும். சிலது வெறும் அடையாளமா இருக்கலாம். நெறையதுக்கு இன்னும் தெரியாதுங்க. அதுக்குத்தான் ஐயாவோட துணுக்கு வேணும்."

தெரியாது என்பதை அவள் நேராகச் சொன்னாள். நாற்பத்தாறு வருடத்தில் உங்களிடம் எனக்கு அப்படி ஒரு பதில் கிடைத்ததில்லை.

பிறகு பழைய படிவத்தைக் காட்டினாள். குவார்ட்டர்ஸ் மாற்றம், பி.எஃப்., மெடிக்கல் புக் என்று நம் பிளாக்கில் பாதிப் பேருடைய படிவங்களை நிரப்பிக்கொடுத்தவள் நான். உங்களுடையதில் கையெழுத்து மட்டுமே உங்களுடையதாக இருக்கும். இதை மட்டும் நீங்களே நிரப்பியிருக்கிறீர்கள். ஆய்வில் தெரியவருவதை யாரிடம் சொல்லலாம் என்று கேட்ட இடத்தில், "மனைவிக்குச் சொல்ல வேண்டாம். கேள்வி கேட்பாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருக்கிறீர்கள். அதைக் காட்டும்போது அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் முன்னால் என்னை அப்படி உட்காரவைத்தீர்கள்.

தேதியைப் பார்த்தேன். காடாம்புலியூர் நண்பருடைய முந்திரித் தோப்புக்குப் போகிறேன் என்று நீங்கள் கிளம்பிய அதே நாள். அதன்பிறகும் மூன்று முறை தோப்பு என்று சொல்லிப் போனீர்கள். உங்கள் பழைய ஆஸ்பத்திரி ஃபைலை இப்போதுதான் வரிவரியாகப் படித்தேன். உடனே ஆபரேஷன் என்று டாக்டர் முதல் மாதமே எழுதியிருக்கிறார். பிறகு வருவதாக நீங்கள் சொன்னதையும் எழுதியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் படுத்தால் எனக்குத் தெரிந்துவிடும். நான் கேட்பேன். அதற்காக ஏழு மாதம் தள்ளிப்போட்டீர்கள். இடுப்பு வலியில் மாடிப்படி ஏற முடியாமல் உட்கார்ந்த அன்று வாயைத் திறந்தீர்கள். அதற்குள் அது எலும்புக்குப் போய்விட்டது.

இதற்கு உங்களை மன்னிக்கவில்லை. செத்தவர்களை மன்னித்துவிட வேண்டும் என்று மகள் சொல்கிறாள். அவளுக்கு என்ன தெரியும்?

ஆனால் நீங்கள் என்னைப் பற்றி எழுதியது தவறு. தோப்பிலிருந்து என்று நீங்கள் நீட்டிய முந்திரிப் பொட்டலத்தில் பண்ருட்டிக் கடையின் பெயர் அச்சடித்திருந்தது. முதல் தடவையே பார்த்தேன். நான்கு தடவையும் பார்த்தேன். தோப்புக்காரர் கடையில் வாங்கியா கொடுப்பார்? கேட்டால் பொய் சொல்வீர்கள். பொய்க்குத் தலையாட்டும் மனைவியாக நிற்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து டப்பாவில் கொட்டி மூடினேன். ஊரில் எல்லாரையும் கேள்வி கேட்டவள், அதை மட்டும் கேட்கவில்லை.

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்களுக்காக அல்ல, தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பெண்ணுக்காக. உங்கள் மேல் உள்ள கோபம் என்னோடுதான் இருக்கும். என் மேல் உள்ளதும். இனி உங்களைக் கேட்டுப் பயனில்லை என்பதால், படிவத்தோடு உங்கள் ஃபைலையும் இந்த மடலின் நகலையும் அவளுக்கே அனுப்புகிறேன்.

ஆராய்ச்சிக்கார அம்மா, உனக்கு ஒரு வேலை. அந்த ஃபைலை உங்கள் டாக்டர்களிடம் காட்டு. முதல் மாதமே நான் கேட்டிருந்து, அன்றே சிகிச்சை தொடங்கியிருந்தால், அவர் இன்று உயிரோடு இருந்திருப்பாரா? கிழவி மனம் நோகுமே என்று எதையும் குறைக்க வேண்டாம். தெரியாது என்றால் தெரியாது என்றே சொல். போனில் வேண்டாம். பதிலை எழுத்தில் அனுப்பு.