வளவில் ஒரு கேரியர்

அக்டோபர் 22
நெடிய ஆலோசனைக்குப் பிறகு, எஞ்சின் தலையை இறுக்கும் ஹெட் போல்ட்டுகளை இனி இடமிருந்து வலமாக எண்ணுவதென்று முடிவெடுத்தேன். இதுவரை வலமிருந்து இடம். வடகரப்பதியின் வரலாற்றில் இது ஒரு திருப்பம். ஊர் தக்காளிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தது.

தங்கை சுப்பாத்தாளின் வளவில் நிற்பது பிரென் கேரியர். இரண்டாம் உலகப்போர் முடிந்து பிரிட்டிஷ் பட்டாளம் ஏலம்விட்ட சங்கிலிச் சக்கர வண்டி. அவள் கணவர் மாரப்பனின் தாத்தா உழவுக்கு வாங்கினார். உழுததில்லை. இருபத்தெட்டாம் தேதி பழைய இரும்பு வாங்கும் ஆக்ரிக்காரன் வெட்டி எடுத்துப்போவான். அந்த இடத்தில் மாட்டுக்கொட்டகை. அபூர்வ வகை என்று நான் நிரூபித்தால் தப்பும்.

அக்டோபர் 23
இருபத்திரண்டு போல்ட். இருக்கவே முடியாது. பழைய ஃபோர்டு எஞ்சின் என்றால் இருபத்தொன்று, பிந்தியது என்றால் இருபத்துநாலு.

அக்டோபர் 24
எஞ்சின் நம்பர்மேல் ஆயுத பூஜைச் சந்தனம், அதன்மேல் சில்வர் பெயிண்ட், அதன்மேல் மறுபடி சந்தனம். தோசைக்கரண்டியால் சுரண்டினேன்.

"நல்லாச் சுரண்டுங்ணா," என்றாள் சுப்பாத்தாள். "சீக்கிரம் போய்த் தொலையட்டும். மாடு நெறசெனை, மழையில நிக்குது."

"இங்கிலாந்துல இந்த வண்டிகள ஆராயறவங்களுக்கு போட்டோ அனுப்பியிருக்கேன்."

"அவிக வந்து சாணி அள்ளுவாங்களாக்கும்?"

அக்டோபர் 25
பதில் இல்லை. போல்ட் இருபத்துநாலு, இரண்டு பெயிண்ட்டுக்குள் இருந்தன.

அக்டோபர் 26
பதில் வந்தது. ரிவெட் அடித்த உடம்பு, சாதாரண வகை, லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எஞ்சின் ஏதோ லாரியுடையது. பிற்பாடு எவனோ மாற்றிப் போட்டிருக்கிறான். கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மை.

லட்சத்தில் ஒண்ணு — இதுக்கா இவ்வளவு? மாரப்பன்கிட்ட என்னன்னு சொல்றது?

அக்டோபர் 27
"என்னங்க மச்சான், தேறுமா?" என்றார் மாரப்பன். "நாளைக்கு அவன் வர்றான்."

"இந்த உடம்புல இந்த எஞ்சின் — உலகத்துலயே இது ஒண்ணுதான் மாப்ள."

பொய்யில்லை. லாரி எஞ்சினை இதற்குள் திணித்த மடையன் இன்னொருவன் இருக்க நியாயமில்லை.

மாரப்பன் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். ஆக்ரிக்காரனுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றார்.

"நெசமாவாங்ணா?" என்றாள் சுப்பாத்தாள்.

"நெசந்தான்."

நவம்பர் 12
கொட்டகை முடிந்தது. நல்ல தகரம். கேரியர் கச்சிதமாக உள்ளே அடங்குகிறது. மாடு நேற்று மழையில் ஈன்றது. கன்று பிழைக்கவில்லை.