கரடிக் காவலுக்குப் போகும் ஆஃப்ரீனுக்கு

தியாகராய நகர்,
ஜூன் 12.

என் உயிரான ஆஃப்ரீனுக்கு, அம்மா சகினா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசினால் திட்டத் தொடங்கி அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். உன் தம்பி ரெஹான் இதைப் படம் எடுத்து அனுப்புவான்.

இங்கே எல்லோரும் நலம். உன் அத்தாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது; பிரியாணி குறையவில்லை. இஸ்திரி போடும் துரைராஜ், "இன்னாம்மா, பொண்ணு ஐஸ்ல இன்னா பண்ணிக்கினு கீது?" என்று தினமும் கேட்கிறார். ஆராய்ச்சி என்கிறேன். வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய்ப் பனிமான் சாணி பொறுக்குகிறாள் என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் குளிர்காலத்தில் மழை பெய்து, புல்லின் மேல் அது உறைந்து, மேய வழியில்லாமல் மான்கள் சாகின்றன என்று நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்குக் கேலி வரவில்லை.

அங்கே ராத்திரியிலும் வெயிலாமே. தூங்குகிறாயா?

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் குழுவில் மற்ற நால்வரும் குனிந்து வேலை செய்ய, நீ துப்பாக்கியோடு காவல் நின்றிருக்கிறாய். மிரட்டும் வெடி போட்ட பிறகும் வெள்ளைக் கரடி முப்பது தப்படி தூரம் வரை வந்திருக்கிறது. நீ சுடவில்லை. கூட இருந்தவர் இன்னொரு வெடி போட்டதால் திரும்பிப் போயிருக்கிறது. இவ்வளவையும் நான்கே வரியில் எழுதிவிட்டாய். நான் அடுப்பில் அரிசியைப் போட்டேனா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை மறுபடியும் உன் முறை என்கிறாய். பக்ரீத் ஆட்டுக்குப் பெயர் வைத்து அழுதவள் கையில் யார் துப்பாக்கியைக் கொடுத்தது என்று அத்தா சிரிக்கிறார். சிரித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நடந்துகொண்டே இருக்கிறார்.

சுட முடியாது என்றால் தலைவரிடம் சொல்லித் துப்பாக்கியைக் கொடுத்துவிடு. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. உன்னை நம்பிக் குனிகிற நால்வருக்கும் வீட்டில் அம்மா இருப்பாள். சொல்லக் கூச்சமாக இருந்தால் படிப்பே வேண்டாம், வந்துவிடு. அப்படியும் காவலுக்குப் போவாயானால், வெடி போட்டும் கரடி நிற்கவில்லையானால், சுட்டுவிடு. உனக்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பது என் பொறுப்பு.

கரடி குட்டியோடு வந்தது, அதனால்தான் கை வரவில்லை என்று கடைசியில் எழுதியிருக்கிறாய். ஆஃப்ரீன், நானும் குட்டி பெற்றவள்தான்.

அல்லாஹ் அந்தக் குட்டியையும் காப்பாற்றட்டும். ஆனால் முதலில் உன்னை.

உன் அம்மா,
சகினா