பூசணிக்காய் உடையவில்லை, அண்ணி

என் வாயை இத்தனை வருஷம் சிரித்தே சமாளித்த அண்ணிக்கு,

படம் முடிந்துவிட்டது. நீங்கள் எழுதிய குழந்தைகள் நாவல், உங்கள் நாத்தனார் இயக்கத்தில். கச்சிராயபாளையத்தில் இன்னும் பாதிப் பேர் நம்பவில்லை. "உன்ன நம்பி எவம்மா படம் எடுக்கிறான்?" என்று பஸ் ஸ்டாண்டில் நிற்கவைத்தே கேட்கிறார்கள்.

கதை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கூச்ச சுபாவமுள்ள ஒரு பூதம் பூசணிக்காய்க்குள் ஒளிந்துகொள்கிறது. செங்கா என்ற சிறுமியிடம் மட்டும் பேசுகிறது. அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, கல்வராயன் மலையில் அதன் இடத்தில் கொண்டுபோய் விடுகிறாள். வழியெல்லாம் ஆளாளுக்கு "ஒடச்சிப் பாக்கலாம்" என்கிறார்கள். அவள் கடைசிவரை உடைப்பதில்லை. உள்ளே பூதம் இருந்ததா இல்லையா என்று நமக்கும் தெரிவதில்லை.

ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "நீ எத வேணா மாத்திக்க. பூசணிக்காய மட்டும் ஒடச்சிடாத." பெரிய இவளாட்டம் சத்தியம் செய்துவிட்டேன். படப்பிடிப்பு தொடங்கின பிறகுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது.

தயாரிப்பாளர் நம் பக்கத்து ஆள்தான், கள்ளக்குறிச்சியில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர். நாவலை மட்டும் படிக்கவில்லை. "ரெண்டு மணி நேரம் பூதம் பூதம்னு சொல்லிக்கினு, கடைசில பூதத்தக் காட்டலன்னா எப்படிம்மா? புள்ளைங்க அழுதுடும்" என்றார். பூசணிக்காய் வெடித்து, கிராபிக்ஸ் பூதம் புகையோடு வெளியே வரவேண்டுமாம். அந்தக் காட்சியைச் சென்னையில் செட் போட்டு எடுக்க ஏற்பாடும் செய்துவிட்டார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், ஒருநாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். அவர் எனக்குப் பிரியாணி வாங்கி அனுப்பினார். என்ன செய்வது, சாப்பிட்டேன்.

கல்வராயன் மலைமேல் கரியாலூரில் கடைசி நாள், சென்னைக் காட்சி மட்டும்தான் பாக்கி. உங்களுக்குத்தான் தெரியுமே, படப்பிடிப்பு முடிந்தால் கற்பூரம் ஏற்றித் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைப்பது சினிமாக்காரர்கள் வழக்கம். அது உடைந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. அதற்கென்று வாங்கிவைத்த காயை முந்தின நாள் மெஸ்ஸில் கூட்டு வைத்துவிட்டார்கள். நம் புரொடக்‌ஷன் மேனேஜர் பார்த்தார், செங்கா மடியில் இருந்த காயையே எடுத்துவந்து மேலே கற்பூரத்தை வைத்துவிட்டார். சென்னை செட்டுக்கு வேறு காய் வரும், இனி இது எதற்கு என்று நினைத்திருப்பார் பாவம்.

அவர் தலைக்கு மேலே தூக்கினதும், செங்காவாக நடித்த தேன்மொழி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், உள்ள இருக்குது சார்."

"இன்னா இருக்குது?"

"பூதம் சார். இன்னா கேள்வி இது?"

கூட நடித்த மலைப் பிள்ளைகள் மொத்தமும் அவரைச் சூழ்ந்துகொண்டன. கற்பூரம் எரிந்து அவர் கை சுட, காயைக் கீழே வைத்தார். அவள் அதன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். "ஒடைக்கலன்னா ஷூட்டிங் முடியாதும்மா" என்றார் அவர். "முடியலன்னா போவுது சார், நாளைக்கும் வர்றோம்" என்றாள்.

எங்கள் தயாரிப்பாளர் பக்கத்தில் வந்து குந்தினார். "சரி பாப்பா. நெசமாவே பூதம் கீதான்னு லேசா தொறந்து பாத்துடலாமா?"

"வேணாம் சார்" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தின. ஒன்றாவது, ஒரே ஒரு பொடிசாவது, பார்க்கலாம் என்று சொல்லவில்லை அண்ணி.

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாக்கவே வேணாங்குதுங்களேம்மா. நானு எதுக்கு செட்டு போட்டுக்கினு?" அவ்வளவுதான் சொன்னார். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழத்தைக் கேமரா வண்டிச் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்கினோம். நான் ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் போய் நன்றாக அழுதேன், சந்தோஷத்தில்தான்.

உங்களை ரொம்பத் தேடுகிறது அண்ணி. நல்லது நடந்தால்தான் ஜாஸ்தி தேடுகிறது.

முந்தாநாள் அண்ணனை மட்டும் கூட்டிப்போய்ப் படத்தைப் போட்டுக் காட்டினேன். உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? நீங்கள் இருந்தவரை அந்த நாவலில் ஒரு பக்கம்கூடப் புரட்டாதவர். இல்லாத பூதத்துக்கு எதற்குக் கதை என்று கரும்புத் தோட்டத்துக்குப் போய்விடுவாரே, அவரேதான். படம் ஓடி முடிந்து விளக்குப் போட்டார்கள். அண்ணன் எழுந்திருக்கவில்லை. வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பாமல் மெதுவாகக் கேட்டார்.

"உங்க அண்ணி உன்கிட்டயாவது சொன்னாளா? உள்ள இருந்துச்சா, இல்லியா?"

"தெரியலண்ணே" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உங்கள் நாவலை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்திருக்கிறார். முடித்துவிட்டு மறுபடியும் என்னிடம்தான் வருவார். அப்போதும் தெரியாது என்றே சொல்வேன், சத்தியமாக.

இப்படிக்கு,
வாய் மட்டும் கொஞ்சம்கூடக் குறையாத
உங்கள் நாத்தனார்