மஞ்சள் கோட்டுக்குக் கீழே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நன்றாகவே இருக்கிறேன். மூட்டு வலி மட்டும் மாடிப்படியைக் கண்டால் என்னோடு வாக்குவாதம் செய்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகம்தானே? சின்னவளுக்கு இருமல் நின்றதா?

போன வாரம் போனில் நீ கேட்டாய்: ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின், ஒன்று முரட்டு வண்டி, இன்னொன்று அதே வீட்டின் சொகுசு வண்டி, எதை எடுக்கலாம், ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று. இருபத்தொன்பது வருடம் பத்திரிகையில் வண்டிகளைப் பற்றி மட்டுமே எழுதியவன் நான். முகம் தெரியாத வாசகருக்கெல்லாம் பதில் சொன்னவன், சொந்த மகளுக்கு "எழுதுறேம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நீ வருத்தப்பட்டிருப்பாய்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். இரண்டுக்கும் அடிச்சட்டம் ஒன்றுதான். முரட்டு வண்டியில் இரும்புச் சுருள்கள். ஒவ்வொரு கல்லையும் முதுகில் சொல்லும். தரையில் ரப்பர் விரிப்பு. குழாயைப் பிடித்துக் கழுவிவிடலாம். சொகுசு வண்டி காற்றுப் பைகளின் மேல் நிற்கிறது. பொத்தானை அழுத்தினால் உயரும், தாழும். இருக்கை முதுகைப் பிடித்துவிடும். ஜன்னல்களில் இரண்டு கண்ணாடிகளை நடுவில் ஒரு மெல்லிய படலம் வைத்து ஒட்டியிருப்பார்கள். வெளிச்சத்தம் உள்ளே வராது; விபத்தில் ஆளை வெளியே எறியவும் விடாது. பள்ளிக்கூடம், கடை, அலுவலகம் என்று தார்ச்சாலையில் ஓடுகிற உனக்கு இரண்டாவதுதான் சௌகரியம். மனதறிந்து சொல்கிறேன், அது நல்ல வண்டி. எதை எடுத்தாலும் அதைத் தண்ணீரில் இறக்காதே.

இத்தோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் அதே போனில் இன்னொன்றும் சொன்னாய். சித்தியும் அவள் மகனும் உங்கள் தெருவிலேயே புது வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்கள், கூடத்தில் போட்டோ சித்தப்பாவின் படத்தைக் காணோம், கேட்டதற்கு மகன், "எங்களை நெனைக்காம போன ஆளுக்கு எதுக்கு ஆணி?" என்றான் என்று. நீ அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாய். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

போட்டோ சித்தப்பா நமக்கு ரத்த உறவு இல்லை என்பதே உனக்குப் பத்து வயதில்தான் தெரியும். என்னோடு பதினாறு வருடம் படம் எடுத்தவன். நான் எழுதுவேன், அவன் எடுப்பான். இரண்டு வண்டிகளை ஒப்பிடும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஆளுக்கொரு வண்டி. மதியச் சாப்பாடு முடிந்ததும் சாவியை மாற்றிக்கொள்வோம். இவன் அந்த வண்டிக்கு வால் பிடிக்கிறான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

பதினோரு வருடத்துக்கு முன் நாங்கள் ஒப்பிட்டது நீ கேட்ட இதே ஜோடியின் அப்போதைய வண்டிகளை. காலையில் அவனிடம் முரட்டு வண்டி, என்னிடம் சொகுசு. கல் பாதை முழுக்க வாக்கி டாக்கியில் அவன் வாய் ஓயவில்லை. "அண்ணே, ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதான். இது கல்லு உடைக்கப் போச்சு, நீங்க ஓட்டுறது மாமனார் வீட்டுல உக்காந்துருச்சு." நான் சிரித்தேன். எனக்குப் பாதையே தெரியவில்லை, அவ்வளவு சுகமாக இருந்தது.

பகல் பதினொன்றரைக்கு ஆற்றை அடைந்தோம். ஆழம் பார்ப்பது என் வேலை. அதற்கென்று ஒரு அலுமினியக் கம்பு வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் இரண்டு வண்டிகளும் தாங்கும் ஆழத்தைக் கம்பெனிப் புத்தகத்தில் பார்த்து, கம்பில் கோடு போட்டுக்கொள்வேன். அன்று முரட்டு வண்டிக்கு மேலே மஞ்சள் கோடு, சொகுசு வண்டிக்கு ஒரு சாண் கீழே நீலக் கோடு. தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் நின்றது. குறிப்பேட்டில் எழுதினேன்: "மஞ்சளுக்குக் கீழே. போகலாம்." அவன் வண்டிக்காக எழுதியது அது. என் வண்டி இறங்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அதை எழுதவில்லை. இறங்கக் கூடாது என்பதை எழுதிவைப்பானேன் என்று நினைத்திருப்பேன்.

பிறகு கரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். உனக்குக் கல்யாணம் முடிந்து ஆறு மாதம். உன்னைப் பற்றித்தான் பேச்சு. எழுந்து கை கழுவினோம். வழக்கப்படி சாவியை மாற்றிக்கொண்டோம்.

நான் முரட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளி மேட்டில் நிறுத்தி, குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வாக்கி டாக்கியில் கேட்டான்: "அண்ணே, எறங்கலாமா?"

ஏட்டைப் பார்த்தேன். "போகலாம்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. காலை முழுவதும் என் மனதில் அவன் என்றால் முரட்டு வண்டி. நிமிர்ந்து பார்க்கவில்லை. "போகலாம்" என்றேன்.

அவன் கடைசியாகச் சொன்னது, "என்னண்ணே இது, உள்ள ஒரு சத்தமும் இல்ல, தண்ணிக்குள்ள போற மாதிரியே தெரியல." அப்போதுதான் தலையைத் தூக்கினேன். வாக்கி டாக்கியைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடி, கையை வீசிக் கத்தினேன். மூடிய கண்ணாடிக்குள் அவனுக்குக் கேட்கவில்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக் கையைக் காட்டினான். நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டான்.

வண்டி மிதந்து, ஆழமான பக்கமாகத் திரும்பியது. மின்சாரம் போனதும் ஜன்னல் இறங்கவில்லை. வீல் ஸ்பேனரோடு நீந்திப் போய் அடித்தேன். முரட்டு வண்டியின் ஜன்னலாக இருந்தால் ஒரே அடியில் பொலபொலவென்று உதிர்ந்திருக்கும். இது சிலந்தி வலை போல விரிந்ததே தவிர, விழவில்லை. உள்ளிருந்து அவனும் அடித்தான். கை படுவது தெரிந்தது. எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் எழுதமாட்டேன்.

போலீஸ்காரர் கேட்டபோது, நான் வேண்டாம் என்று சொல்லியும் படத்துக்காக அவனாகவே இறங்கினான் என்று சொன்னேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயைத் திறந்தேன், அது தயாராக இருந்தது. சித்தியிடமும் அதையே சொன்னேன். பத்திரிகையில் அஞ்சலிக் குறிப்பு எழுதியதும் நான்தான்: "ஒரு நல்ல படத்துக்காக எந்த எச்சரிக்கையையும் மீறக்கூடியவர்." எல்லாரும் அழகான வரி என்றார்கள். சித்தி அதைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டாள். ஒருமுறை நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே அவன் படத்தைப் பார்த்துத் திட்டினாள்: "அண்ணன் அத்தனை வாட்டி சொன்னாரே, கேட்டீங்களா?" அவள் கொடுத்த காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தேன்.

எதிர் வீட்டுக்காரர் சென்ற மாதம் அதே ரகச் சொகுசு வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறார். தங்கமான மனிதர். தினமும் காலையில் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னலைத் துணியால் துடைக்கிறார். என் வாசலிலிருந்து பார்த்தால் அவர் முகம் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு உள்ளங்கை மட்டும் மேலும் கீழும் போகும். முதல் நாள் நான் தெருவில் இறங்கி ஓடிப்போய் அந்தக் கண்ணாடியைத் தட்டினேன். அவர் பதறி இறங்கி, "என்ன சார், பின்னாடி யாராச்சும் நிக்கிறாங்களா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். இப்போது அந்த நேரத்தில் பின்கட்டுக்குப் போய்விடுகிறேன். அங்கேயும் அந்தக் கை தெரிகிறது. துடைக்கிற கை இல்லை அது.

இதையெல்லாம் இத்தனை வருடம் உன்னிடமும் மறைத்தேன். அம்மாவிடமும் சொல்லவில்லை, அவள் தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். கோபம் வந்தால் வரட்டும், அது உன் உரிமை. ஆனால் பெற்றவனை அந்தப் பையன் வெறுத்துக்கொண்டே வயதாவது என்னால்தான். அவன் அப்பா அடங்காத ஆள் இல்லை. இறங்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் இறங்கினான். நம்பியவனிடம்தான் கேட்டான்.

இதோடு இன்னொரு உறை வைத்திருக்கிறேன், சித்திக்கு. தபாலில் போட மனம் வரவில்லை. மகன் இல்லாத நேரத்தில் பிரித்து, அக்கம்பக்கத்தில் யாரையாவது படிக்கச் சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவள் மகன் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து நீயே கொண்டுபோய்க் கொடு. அவளுக்கு இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை, உன்னையே படிக்கச் சொல்வாள். அப்பா எழுதியதாயிற்றே என்று எந்த வரியையும் மென்று முழுங்கிவிடாதே. மகனுக்கும் கேட்கும்படி, நிறுத்தாமல் படி. படித்து முடித்ததும் உடனே எழுந்து வந்துவிடாதே தாயி. அவள் என்ன சொன்னாலும், சொல்லி முடிக்கிறவரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திரு.

நீயும் உன் பிள்ளைகளும் நூறு வயது இருக்க வேண்டும்.

உன் அப்பா