பார்க்கும், தொடாது

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா இருமல் மருந்தைக் குடிக்கிறாரா, பாட்டிலைக் குலுக்கிக் காட்டியே ஏமாற்றுகிறாரா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

"அப்படி என்னடி வேலை?" என்று கேட்டாயே, சொல்கிறேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்குள் வெளியார் நுழையக்கூடிய வழிகளில் எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று பட்டியல் போட எங்களிடம் ஒரு கருவி உண்டு. அதை இயக்குவது மனிதர்கள் இல்லை, ஏஐ. அந்த ஏஐ படித்துப் புரிந்துகொள்ளக் குறிப்பு எழுதுவதுதான் என் வேலை.

போன வாரம் அந்த ஏஐ, "ஒரு வழி திறந்திருந்தது, மூடிவிட்டேன்" என்றது. நிம்மதியாக எல்லோரும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து பார்த்தால் அந்த வழி ஆவென்று திறந்தே கிடக்கிறது! கருவிக்குப் பார்க்கத்தான் தெரியும், மூடத் தெரியாது. அதை நான் குறிப்பில் எழுதவே இல்லை, அதனால் கருவி மூடிவிட்டது என்றே ஏஐ நினைத்துக்கொண்டது. நல்லவேளை, யாரும் நுழையவில்லை. "எது முடியும்னு மட்டும் சொன்னா போதாதும்மா, எது முடியாதுன்னும் சொல்லணும்" என்று மேலாளர் சிரித்தார். "இது பார்த்துச் சொல்லும், எதையும் தொடாது" என்று குறிப்பின் முதல் வரியாகவே சேர்த்துவிட்டேன்.

எழுதும்போது உன் ஞாபகம்தான். வீடியோ காலில் நீயும் அப்படித்தானே? "நாற்காலியில ஈரத்துண்டு, ஜன்னல் திறந்திருக்கு, தண்ணி பாட்டில் காலி" என்று அடுக்குவாய். எழுந்து போய்ச் சரிசெய்வது நான்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கூப்பிடு. அறையை நான் இன்னும் ஒழுங்குபடுத்தவில்லை. நீ பார்த்துத் திட்ட அப்படியே வைத்திருக்கிறேன்.

உன் சின்னவள்